ஓலையும் மையும் செலோரேப்பும்

இம்மலருக்காகப் பழைய ஆவணங்களைத் தேடியபோது, நூலகப் பின்னறை அலுமாரியில் கல்லூரியின் முதலாவது சம்பவத் திரட்டுப் புத்தகமும் யாரோ அன்பளித்த ஏட்டுக்கட்டு ஒன்றும் எமக்குக் கிடைத்தன. புத்தகம் தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. அதனிலும் மூத்த ஏடு உதிரவில்லை. ஏன் என்று தேடியதன் பயனே இக்கட்டுரை.

எம் முன்னோர் பனையோலையை வெட்டிய கையோடு எழுதிவிடவில்லை. நீரில் அவித்து, உலர்த்தி, தேய்த்து வழவழப்பாக்கிப் பாடம் செய்த பின்னரே எழுத்தாணியைத் தொட்டனர். கீறிய எழுத்துக்கு நிறமில்லை. கரியை எண்ணெயிலோ பச்சிலைச் சாற்றிலோ குழைத்துப் பூசித் துடைத்தால், கறுப்பு கீறலில் மட்டும் தங்கும். மை மங்கினாலும் எழுத்து ஓலையின் உடம்பில் இருக்கிறது; மீண்டும் பூசினால் தெரியும். சிங்கள ஏடுகளுக்குப் பயன்பட்ட தாளிப்பனையோலை இதனிலும் மென்மையானது. நவராத்திரியில் ஏடுகளை வெளியே எடுத்துத் தூசு தட்டி அடுக்கியதும் பூச்சிக்கு எதிரான காவல்தான் என்று எமக்குத் தோன்றுகிறது.

ஆயினும் ஓலைக்கும் ஆயுள் உண்டு. படியெடுப்பதே அதன் உண்மையான பாதுகாப்பு. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏடுகள் கைபட ஒடிவதைக் கண்டு பதைத்து, 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களுடன் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. படியெடுக்கப்படாதவை அன்றோடு போயின.

இனிப் புத்தகத்துக்கு வருவோம். அக்காலப் புளூ பிளாக் மையில் இரும்புப் பொருள் உண்டு. அதன் அமிலம் நாளடைவில் காகிதத்தை அரிக்கும். மரக்கூழில் செய்து படிகாரம் சேர்த்த காகிதமோ தானே அமிலத்தன்மை உடையது. ஈரமும் வெப்பமும் மீதியைப் பார்த்துக்கொண்டன.

எஞ்சியதை நாமே கெடுத்தோம். எண்பதுகளில் நூலக மாணவத் தலைவிகளாயிருந்த எம்மிற் சிலர், கிழிந்த பக்கங்களைச் செலோரேப்பால் ஒட்டினோம். அதிபர் பாராட்டியதும் நினைவிருக்கிறது! இன்று பிளாஸ்ரிக் பட்டை கழன்றுவிட்டது. பசை மட்டும் காகிதத்துள் ஊறிப் பழுப்பேறி நிற்கிறது. முதல் அனுமதி பெற்ற மாணவிகளின் பெயர்ப் பக்கத்தில் நான்கு பெயர்கள் அந்தப் பழுப்புக்குள் மறைந்துள்ளன.

ஒட்டுவது எதுவும் பின்னர் சேதமின்றி எடுக்கக்கூடியதாயிருக்க வேண்டும் என்பது பேணுநர்களின் முதல் விதி. அதனால்தான் அவர்கள் மாப்பசையும் மெல்லிய யப்பானியத் தாளும் பயன்படுத்துகின்றனர். நாம் எதையும் உரிக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் படம்பிடித்து, இடையே அமிலமற்ற தாள் வைத்து, புத்தகத்தைப் பெட்டியில் கிடையாக வைத்துள்ளோம்.

அந்த நால்வரின் பேரப்பிள்ளைகள் யாரேனும் இதை வாசிக்கக்கூடும். பாட்டியின் சான்றிதழோ வகுப்புப் படமோ வீட்டில் இருந்தால் அதன் படத்தை எமக்கு அனுப்புங்கள். மூலம் உங்களிடமே இருக்கட்டும். கிழிந்திருந்தால் கிழிந்தபடியே வையுங்கள். செலோரேப் மட்டும் வேண்டாம்.