சாந்தோம் பேராலயம்: சீரமைப்பும் உபயமும்

சாந்தோம் பேராலயம் சென்னை மயிலாப்பூரின் கடலோரத்தில், புனித தோமையாரின் கல்லறைமேல் எழுந்த கத்தோலிக்கக் கோயில். சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்தின் தலைமைக் கோயிலும் இதுவே. அம்பத்தூர், ஆவடி வட்டாரத்துப் பங்கு மக்களும் இதைத் தங்கள் தாய்க்கோயிலாகவே கொள்கிறார்கள். இன்று நாம் காணும் கட்டடம் 1896-இல் அர்ச்சிக்கப்பட்டது. ஆனால் கல்லறையின்மேல் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் அதற்கும் நெடுங்காலம் முன்பே தொடங்கிவிட்டன.

இயேசுவின் பன்னிரு சீடர்களுள் ஒருவரான தோமையார் கி.பி. 52-இல் கேரளக் கரையில் இறங்கினார் என்றும், கி.பி. 72-ஐ ஒட்டிப் பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்றும், மயிலையில் அடக்கம் செய்யப்பட்டார் என்றும் கிறிஸ்தவ மரபு சொல்கிறது. அவருடைய எலும்புகள் பின்னாளில் எதெசாவுக்குச் சென்றன. அங்கிருந்து கியோஸ் தீவு வழியாக 1258-இல் இத்தாலியின் ஒர்த்தோனா நகரை அடைந்தன. அதற்குப் பிறகும் மயிலைக்கு வரும் திருப்பயணிகள் குறையவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இந்தக் கல்லறையைப் பற்றி எழுதினார். 1523-ஐ ஒட்டிப் போர்த்துக்கீசியர் கல்லறையைத் தோண்டிப் பார்த்து, அதன்மேல் ஒரு கோயிலை எழுப்பினர். பிரான்சிஸ் சவேரியார் 1545-இல் சில மாதங்கள் இங்கே தங்கியிருந்தார். 1606-இல் மயிலை தனி மறைமாவட்டம் ஆனதும் அந்தக் கோயில் பேராலயமாக உயர்ந்தது. 17-ஆம் நூற்றாண்டில் ஊர் கோல்கொண்டாவின் கைக்கும் பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறியது. கோயில் அந்தக் குழப்பங்களையெல்லாம் தாண்டி நின்றது.

அப்படி நின்றதை இடித்தது போர் அன்று. 1893-இல், ஆயர் ஹென்ரிக் ஜோசே ரீட் த சில்வாவின் காலத்தில், பழையது சிறிது என்று கருதி அதை அகற்றிவிட்டுப் புதிய பேராலயத்தைத் தொடங்கினர். இராணுவப் பொறியாளரான கேப்டன் ஜே. ஏ. பவர் புதுக்கோத்திக் பாணியில் வரைபடம் தந்தார். 1896 ஏப்ரல் 1-இல் அர்ச்சிப்பு நடந்தது. கூர்நுனி வளைவுகளும், தோமையார் ஆண்டவரின் காயங்களைத் தொடும் காட்சியைத் தீட்டிய வண்ணக் கண்ணாடிச் சன்னலும், சுமார் 155 அடி உயரக் கோபுரமும் அமைந்த அழகான கோயில்தான். இருந்தும் 370 ஆண்டு வழிபாடு நடந்த ஒரு கட்டடம் மண்ணோடு போனது பெரிய இழப்பு. பழுதுபார்க்கக்கூடிய ஒன்றைப் புதுப்பிப்பதாகச் சொல்லி இடிக்கும் வழக்கம் தமிழ்நாட்டுப் பங்குகளில் இன்றும் ஓயவில்லை. சாந்தோமின் 1893-ஆம் ஆண்டை ஒவ்வொரு கட்டடக் குழுவும் நினைவில் வைக்க வேண்டும்.

புதிய கோயிலில் இரு கோபுரங்கள் உண்டு. உயர்ந்தது மணிக்கூண்டு. சிறியது கல்லறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே அமைந்து அதை அடையாளம் காட்டுகிறது. போர்த்துக்கலிலிருந்து வந்த மயிலை மாதாவின் மரச் சுரூபத்துக்குத் தனி வணக்கம் உண்டு. 1952-இல் மதராஸ், மயிலை மறைமாவட்டங்கள் இணைந்தன. 1956-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இதைப் பசிலிக்காவாக உயர்த்தினார். 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் இங்கே வந்து கல்லறையில் செபித்தார்.

2004-ஐ ஒட்டி நிறைவேறிய சீரமைப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் தரைக்கு அடியில் நடந்தது. அதுவரை கல்லறைக்குப் போகிறவர்கள் கோயிலுக்குள்ளிருந்தே படியிறங்கினார்கள். திருப்பலி நடக்கும்போதும் பயணிகள் வந்துபோக, வழிபடுவோருக்கும் பார்க்க வந்தவர்களுக்கும் இடைஞ்சல்தான். சீரமைப்பில் நிலத்தடியில் கல்லறைச் சிற்றாலயம் ஒன்றை அமைத்து, பேராலயத்துக்குப் பின்புறமிருந்து தனி வாசல் வைத்தனர். இப்போது மேலே பூசை நடக்கையில் கீழே அமைதியாக முழங்காலிட முடிகிறது. பழைய கட்டடத்தில் கைவைப்பது எப்போதும் இடரானது. மக்கள் அதை எப்படிப் புழங்குகிறார்கள் என்று பார்த்துச் செய்த இந்த மாற்றம் அந்த இடருக்குத் தகுந்த பயனைத் தந்திருக்கிறது.

கடலருகே நிற்கும் கட்டடத்துக்கு உப்புதான் முதல் பகை. உப்பேறிய ஈரம் சுவருக்குள் இறங்குகிறது. ஈரம் உலர்ந்ததும் உப்பு படிகமாகிப் பூச்சையும் செங்கல்லையும் உள்ளிருந்து உதிர்க்கிறது. உள்ளே பதித்த இரும்பு துருவேறிப் பருத்துச் சுவரைப் பிளக்கிறது. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழைய சுவர் ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பார்வைக்குப் புதிதாகத் தெரிந்தாலும் சில மழைக்காலங்களுக்குள் பூச்சு பாளம்பாளமாகப் பெயரும். ஆகவே மரபுக் கட்டடப் பணியில் சுண்ணாம்பை நீற்றி, புளிக்கவைத்து, கடுக்காய், வெல்லம் ஊறிய நீர் சேர்த்துக் குழைக்கிறார்கள். இதற்கு வாரக்கணக்கில் பொறுமையும் கைதேர்ந்த கொத்தனாரும் தேவை. இரண்டுக்கும் பணம் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைக்குக் கொடுக்க முன்வருபவர் குறைவு. பீடத்துக்கும் சுரூபத்துக்கும் மணிக்கும் ‘உபயம்’ என்று பெயர் பொறிக்கலாம். வடிகாலுக்கும் கூரை ஒழுக்குக்கும் யார் பெயரைப் பொறிப்பது?

இதற்கு 18-ஆம் நூற்றாண்டுச் சென்னையிலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான், பரங்கிமலைக்குப் போகும் பயணிகளுக்காக 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டினார். மலையேறப் படிகளும் அமைத்தார். கட்டியதோடு நிற்காமல், பாலத்தின் பராமரிப்புக்கென்றே தனியாக ஒரு நிதியும் வைத்தார். 1751-இல் அவர் காலமானார். அந்தப் பாலத்தின் இடத்தில் இன்று மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. உஸ்கானின் கல்வெட்டு அருகில் இருக்கிறது. உபயதாரர்களில் அவரை முதலிடத்தில் வைக்கத் தோன்றுவது அந்தப் பராமரிப்பு நிதிக்காகத்தான்.

இன்றைய கோயில்களுக்குப் பணம் பெரும்பாலும் ஞாயிறு காணிக்கை, நேர்ச்சை, திருவிழா வசூல், வெளிநாட்டில் வாழும் பங்கு மக்களின் கொடை ஆகிய வழிகளில் வருகிறது. வெளிநாட்டார் தரும் நன்கொடைக்கு 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அத்தகைய பணம் புது தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் சேர வேண்டும். வரலாற்று, கலைச் சிறப்புக்காக மத்திய அரசு அறிவித்த வழிபாட்டு இடங்களின் பழுதுபார்ப்புக்குக் கொடுப்பவர்கள் வருமான வரிச் சட்டப்படி கொடையில் பாதிக்குக் கழிவு கோரலாம் என்ற ஏற்பாடும் உண்டு. சொந்தக் கட்டடத்தில் இயங்கும் பழைய தேவாலயங்களின் பழுதுபார்ப்புக்குத் தமிழ்நாடு அரசும் மானியம் தருகிறது. கட்டடத்தின் வயதைப் பொறுத்துத் தொகை கூடும். புறநகரின் சிறிய பங்குகளுக்கு இது பெரிய உதவி. அந்தத் தொகையில் முதல் பங்கு கூரைக்கும் வடிகாலுக்கும் போவதே முறை.