எண்பதுகளின் சிந்தசைசர்களும் கீபோர்டு இதழ்களும்

1980களில் விற்பனைக்கு வந்த மின்னணு இசைக்கருவிகள் மீதும், அவற்றைப் பற்றி மாதந்தோறும் எழுதிய அச்சிதழ்கள் மீதும் இசைக்கலைஞர்களிடையே இன்றும் நீடிக்கும் பற்று, இசைக்கருவி வரலாற்றில் தனித்துப் பார்க்கத் தக்கது. பழைய பியானோவைத் தேடுபவருக்குக் கருவி கிடைத்தால் போதும். எண்பதுகளின் சிந்தசைசரைத் தேடுபவர் அதைப் பற்றிப் படித்த பக்கங்களையும் சேர்த்தே தேடுகிறார். அன்றைய கருவிகள் விலை கூடியவை, எளிதில் பிடிபடாதவை. பெரும்பாலானோர் அவற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு வெகு காலம் முன்பே படங்களிலும் விளம்பரங்களிலும் மதிப்புரைகளிலும் அவற்றோடு பழகிவிட்டிருந்தார்கள். இந்தப் பற்றின் வேர் ஒலியில் பாதி என்றால், அந்தப் படிப்பில் மீதிப் பாதி.

கருவிகள்

1978இல் டேவ் ஸ்மித்தின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனம் கலிபோர்னியாவில் உருவாக்கிய ப்ராஃபெட்-5இலிருந்து இந்தக் கதையைத் தொடங்குவது பொருத்தம். ஒரே நேரத்தில் ஐந்து சுரங்களை ஒலிக்கக்கூடிய அந்தக் கருவியில், உருவாக்கிய ஒலியை நினைவகத்தில் சேமித்து ஒரு பொத்தானில் திரும்ப அழைக்க முடிந்தது. அதுவரை ஒவ்வொரு திருகியும் எந்த இடத்தில் நின்றது என்று தாளில் குறித்துவைத்து, மேடையில் பாட்டுக்குப் பாட்டு திருப்பிக்கொண்டிருந்தார்கள். 1981இல் ரோலண்டின் ஜூபிட்டர்-8, 1982இல் ஜூனோ-60, 1984இல் ஜூனோ-106 என்று ஜப்பானியக் கருவிகள் அடுத்தடுத்து வந்தன. வான் ஹேலன் குழுவின் ‘ஜம்ப்’ பாடலைத் தொடங்கிவைப்பது ஓபர்ஹைம் ஓபி-எக்ஸ்ஏ. ‘பிளேடு ரன்னர்’ படத்துக்கு வான்ஜெலிஸ் அமைத்த இசையின் உயிர்நாடி யமஹா சிஎஸ்-80.

இவை ஒன்றோடொன்று பேச வழிசெய்தது மிடி என்ற பொது இணைப்பு முறை. ஒரு நிறுவனத்தின் கீபோர்டை வாசித்து வேறொரு நிறுவனத்தின் கருவியை ஒலிக்கவைக்க அதற்கு முன் பொதுவான வழி இல்லை. டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று பேசி, போட்டியாளர்களை ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த ‘நாம்’ (NAMM) என்ற இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் ஒரு ப்ராஃபெட்-600உம் ஒரு ஜூபிட்டர்-6உம் ஒரே கம்பியால் இணைக்கப்பட்டன. ஐந்து முனைச் செருகி, 16 தடங்கள், நொடிக்கு 31,250 பிட் வேகம். அந்த உடன்பாட்டுக்கு உரிமத்தொகை எதுவும் கேட்கப்படவில்லை. இசைத் தொழிலில் இதைவிடப் பெருந்தன்மையான முடிவு அரிது. இருவருக்கும் 2013இல் தொழில்நுட்ப கிராமி விருது வழங்கப்பட்டது.

யமஹா டிஎக்ஸ்7

எண்பதுகளுக்கு ஒரே ஒரு கருவியை அடையாளமாகச் சொல்ல வேண்டுமானால் 1983இல் வந்த டிஎக்ஸ்7தான். இதன் மூலம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஜான் சவுனிங் என்ற இசையமைப்பாளர் 1967இல் கணினியில் சுர அசைவை ஆராய்ந்துகொண்டிருந்தார். அசைவின் வேகத்தைக் காதுக்குக் கேட்கும் அதிர்வெண் வரை ஏற்றியபோது அசைவு மறைந்து, ஒலியின் நிறமே மாறியது. ஓர் அலையைக் கொண்டு இன்னோர் அலையின் அதிர்வெண்ணை ஆட்டுவித்தால் மணி, பித்தளைக் குழல், மரம் என்று விதவிதமான ஒலிகள் பிறக்கும் என்று அவர் கண்டார். அமெரிக்க ஆர்கன் நிறுவனங்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. யமஹா உரிமம் பெற்றது. அதை விற்பனைக் கருவியாக்க அந்த நிறுவனத்துக்குப் பல ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது.

61 கட்டைகள், ஒரே நேரத்தில் 16 சுரங்கள், 1,995 டாலர் விலை. ஜூபிட்டர்-8 வாங்க ஐயாயிரம் டாலருக்கு மேல் வேண்டியிருந்த காலம் அது. டிஎக்ஸ்7இன் கண்ணாடி போன்ற மின்பியானோ ஒலி அமெரிக்கக் காதல் பாடல்களில் எங்கும் நிறைந்தது. விற்பனை லட்சத்தைத் தாண்டியது.

ஆனால் அதில் புதிதாக ஓர் ஒலியை உருவாக்குவது பெரும்பாடு. திருகிகள் இல்லை. பழுப்பு நிற முகப்பில் தட்டையான, அழுந்தாத பொத்தான்கள். இரண்டு வரி மட்டுமே காட்டும் சிறு திரை. எல்லா அளவுகளையும் மாற்ற ஒரே ஒரு நகர்த்தி. ‘ஆபரேட்டர்’ எனப்படும் ஆறு அலை மூலங்களை 32 விதங்களில் கோக்கலாம். அந்த 32 கோவைகளின் படமும் முகப்பின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஆபரேட்டர் ஒன்றுக்கு 21 அளவுகள். பொதுவானவற்றையும் சேர்த்தால் ஓர் ஒலிக்கு 145. எதை மாற்றினால் எது மாறும் என்று காதால் ஊகிப்பது கடினம். வாங்கியவர்களில் பெரும்பாலோர் கருவியோடு வந்த ஒலிகளையே பயன்படுத்தியதற்கும், மற்றவர்கள் இதழ்களை நாடியதற்கும் காரணம் இதுவே.

டிஎக்ஸ்7க்குப் பின் வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1984இல் கேஸியோ சிஇசட்-101 சிறிய கட்டைகளோடு 500 டாலருக்குள் வந்து மாணவர்களை எட்டியது. அதே ஆண்டில் என்சோனிக் மிராஜ் நிஜ ஒலியைப் பதிந்து வாசிக்கும் வசதியைச் சாமானியருக்கும் கொண்டுவந்தது. 1987இல் ரோலண்ட் டி-50, 1988இல் கோர்க் எம்1 ஆகியவற்றோடு அந்தப் பத்தாண்டு முடிந்தது.

இதழ்கள்

கலிபோர்னியாவில் ‘கிட்டார் பிளேயர்’ இதழை நடத்தியவர்கள் 1975இல் ‘கன்டெம்பரரி கீபோர்டு’ இதழைத் தொடங்கினார்கள். 1981இல் அதன் பெயர் ‘கீபோர்டு’ என்று சுருங்கியது. தேவாலய ஆர்கன் கலைஞர், ஜாஸ் பியானோ கலைஞர், ராக் குழுக்காரர் ஆகிய மூவரையும் ஒரே அட்டைக்குள் அமர்த்தியது அதன் தனிச்சிறப்பு. சிந்தசைசர் குறித்த பத்தியைத் தொடக்க ஆண்டுகளில் எழுதியவர் ராபர்ட் மூக். கருவியைப் படைத்தவரே அது இயங்கும் விதத்தை மாதாமாதம் விளக்கினார். நீண்ட நேர்காணல்கள், சுரக் குறிப்புகள், தயவுதாட்சண்யம் பாராத மதிப்புரைகள் ஆகியவற்றோடு, சில இதழ்களில் மெல்லிய பிளாஸ்டிக் இசைத்தட்டும் ஒரு பக்கமாகத் தைக்கப்பட்டிருக்கும். கிழித்தெடுத்து ரெக்கார்டு பிளேயரில் வைத்துக் கேட்க வேண்டியதுதான்.

ஒலிகளையும் அச்சில் வெளியிட்டார்கள். பிரையன் ஈனோ தான் உருவாக்கிய டிஎக்ஸ்7 ஒலிகள் சிலவற்றின் அளவுகளை 1987இல் ‘கீபோர்டு’ வழியே வெளியிட்டார். அட்டவணையில் ஆறு ஆபரேட்டர்களுக்கும் வரிசையாக எண்கள் இருக்கும். வாசகர் இதழைக் கருவியின் மேல் விரித்துவைத்து, ஆபரேட்டரைத் தேர்ந்தெடுத்து, பொத்தானை அழுத்தி, நகர்த்தியால் எண்ணைக் கொண்டுவந்து, அடுத்ததற்குப் போக வேண்டும். எல்லாம் முடிந்ததும் நினைவகப் பூட்டை விலக்கி, ஸ்டோர் பொத்தானைப் பிடித்தபடி இடத்தின் எண்ணை அழுத்தினால்தான் ஒலி தங்கும். மறந்துபோய் வேறு ஒலியைத் தட்டினால் அத்தனை எண்களையும் இழக்க நேரலாம். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் எந்த எண் ஒலியை எப்படி மாற்றுகிறது என்பதை இந்த வேலையே கற்றுக்கொடுத்தது. இன்று ஆயிரம் ஒலிகள் ஒரே தட்டலில் இறங்குகின்றன. அவற்றில் ஒன்றைக்கூட நாம் அந்த அளவுக்கு அறிவதில்லை.

பிரிட்டனில் 1981இல் தொடங்கிய ‘எலக்ட்ரானிக்ஸ் அண்ட் மியூசிக் மேக்கர்’ சாலிடரிங் இரும்பு பிடிக்கத் தெரிந்தவர்களுக்கானது. கருவியை வாங்க வசதியில்லாதவர் சுற்றுப்படத்தைப் பார்த்துத் தானே கட்டிக்கொள்ளலாம். 1985இல் வந்த ‘சவுண்ட் ஆன் சவுண்ட்’ வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்வோரை மையமாகக் கொண்டது, இன்றும் வெளிவருகிறது. ‘கீபோர்டு’ 2017இல் ‘எலக்ட்ரானிக் மியூசிஷியன்’ இதழோடு இணைக்கப்பட்டு, தனி இதழாக நின்றுபோனது.

தமிழ்த் திரையிசையில்

சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் இந்தக் கருவிகள் அதே பத்தாண்டில் நுழைந்தன. இளையராஜாவின் இசைக்குழுவில் விஜி மேனுவலின் கீபோர்டு வாசிப்பு தனி முத்திரை கொண்டது. 1986இல் வந்த ‘புன்னகை மன்னன்’, சுரங்களை வரிசையாகப் பதிந்து தானே வாசிக்கும் சீக்வென்சரைத் தமிழ்த் திரையிசையில் துணிந்து பயன்படுத்திய தொடக்க கால முயற்சிகளில் ஒன்று. ஏ.ஆர். ரஹ்மானின் தந்தை ஆர்.கே. சேகர் 1976இல் மறைந்தபின், அவருடைய இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் சில காலம் பிழைத்தது. அந்தக் கருவிகளுக்கு நடுவே வளர்ந்த சிறுவன் கீபோர்டு கலைஞராகவே திரையிசைக்குள் வந்தார்.

மீள்வரவு

பழைய சிந்தசைசர்கள் மீதான ஏக்கம் பிற்காலத்தில் திடீரென முளைத்ததல்ல. டிஎக்ஸ்7க்காகவும் எம்1க்காகவும் பழைய அனலாக் கருவிகளைப் பலர் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். சிகாகோ, டெட்ராய்ட் நகரங்களின் இளைஞர்கள் அவற்றை வாங்கி ஹவுஸ், டெக்னோ இசையைப் படைத்தார்கள். ‘கீபோர்டு’ இதழிலேயே மார்க் வெய்ல் பழைய சிந்தசைசர்களைப் பற்றித் தொடர் எழுதினார். அது 1993இல் நூலானது. எண்பதுகள் முடிந்த சூட்டிலேயே அவற்றின் நினைவைப் பேணும் பணியை இதழே தொடங்கிவிட்டது எனலாம்.

2013இல் கோர்க் தன் பழைய எம்எஸ்-20 சிந்தசைசரைச் சிறிய வடிவில் மீண்டும் தயாரித்தது. 2015இல் யமஹா, தன் வசமிருந்த சீக்வென்ஷியல் பெயரை டேவ் ஸ்மித்துக்கே திருப்பித் தந்தது; 2020இல் ப்ராஃபெட்-5 மறுபடியும் விற்பனைக்கு வந்தது. 2022இல் ஸ்மித் காலமானார். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் இசை இந்த ஒலிகளை அவை வந்த பின் பிறந்த தலைமுறையிடம் கொண்டுசேர்த்தது.

மூலக் கருவிகளைப் பேணுவது எளிதல்ல. ஜூனோ-106இன் ஒலிச் சிப்புகள் மீது பூசப்பட்ட பிசின் காலப்போக்கில் மின்சாரத்தைக் கசியவிட, சுரங்கள் ஒவ்வொன்றாகக் கரகரத்து ஓய்கின்றன. பழுதுபார்ப்பவர்கள் சிப்பை அசிட்டோனில் ஊறவைத்துப் பிசினைக் கரைத்தெடுக்கிறார்கள். பழைய அனலாக் கருவிகளில் ஒன்றின் திருகி நிலைகளை இன்னொன்றில் வைத்தால் அதே ஒலி வரும் என்று சொல்ல முடியாது. டிஎக்ஸ்7 அப்படியல்ல. அதன் ஒலி முழுக்க எண்களால் ஆனது. 2016இல் வந்த கோர்க் வோல்கா எஃப்எம் கருவியும், டெக்ஸெட் என்ற இலவச மென்பொருளும் அதே எண்களை ஏற்கின்றன. பழைய இதழ் கைவசம் இருப்பவர், அதில் அச்சான 145 எண்களையும் இன்று அவற்றில் உள்ளிட்டு அந்த ஒலியைக் கேட்கலாம்.