பேரரசன் ஹெராக்கிளியஸ்: மீட்டதும் இழந்ததும்

ஓர் அரசனின் ஆட்சியை மதிப்பிடும்போது வெற்றிகளை ஒரு தட்டிலும் தோல்விகளை மறு தட்டிலும் இட்டு நிறுத்துப் பார்ப்பது வழக்கம். கி. பி. 610 முதல் 641 வரை பைசாந்தியப் பேரரசை ஆண்ட ஹெராக்கிளியசை இவ்வாறு நிறுக்க முயல்வோர் இடர்ப்படுவர். பாரசீகரிடமிருந்து மீட்ட நாடுகளையே அவன் அராபியரிடம் இழந்தான். மீட்டவனும் இழந்தவனும் ஒருவனே. ஆதலின், முன்னர் வென்றவன் பின்னர் ஏன் தோற்றான் என்பதே அவனது ஆட்சியை ஆராய்வோர் விடை காணவேண்டிய வினாவாகும்.

அவன் முடிசூடிய காலம் பேரரசின் இருண்ட காலம். 602இல் போக்காஸ் என்னும் படைவீரன் பேரரசன் மொரீசைக் கொன்று அரியணையைக் கைப்பற்றினான். மொரீசின் துணையால் 591இல் தன் அரசை மீளப்பெற்றிருந்த பாரசீக மன்னன் இரண்டாம் கொஸ்ரு, அக்கொலைக்குப் பழிவாங்குவதாகக் கூறிப் படையெடுத்தான். ஆபிரிக்க மாகாண ஆளுநரின் மகனாகிய ஹெராக்கிளியஸ் கப்பற்படையுடன் வந்து, 610 ஒக்டோபரில் போக்காசை வீழ்த்தி ஆட்சியேற்றான். எனினும் போர் நிற்கவில்லை. 613இல் அந்தியோக்கியாவுக்கு அண்மையில் அவனே தோல்வியுற்றான். 614இல் எருசலேம் வீழ்ந்தது. இயேசுநாதர் அறையுண்டதெனக் கிறித்தவர் போற்றிய திருச்சிலுவை பாரசீகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. எகிப்தும் பாரசீகர் வசமாயிற்று. அந்நாட்டுத் தானியத்தை நம்பித் தலைநகர் மக்களுக்கு வழங்கப்பட்டு வந்த இலவச உணவும் நின்றுபோயிற்று.

இந்நெருக்கடியிலேயே ஹெராக்கிளியசின் உண்மையான ஆற்றல் வெளிப்பட்டது. பழைமை என்பதற்காக எதனையும் அவன் காத்து நிற்கவில்லை. அரச ஊழியரின் வேதனம் பாதியாகக் குறைக்கப்பட்டது. 615இல் புதிய வெள்ளி நாணயம் ஒன்று வெளியிடப்பட்டது. உரோமருக்குத் துணைபுரியுமாறு இறைவனை வேண்டும் வாசகம் அதிற் பொறிக்கப்பட்டிருந்தது. தலைநகரைக் கார்த்தேஜுக்கு மாற்ற அவன் எண்ணியபோது அதனைத் தடுத்த தலைமைக் குரு சேர்ஜியஸ், ஆலயங்களின் பொன்னையும் வெள்ளியையும் போர்ச் செலவுக்குக் கடனாக வழங்க இசைந்தார். பேரரசர் அரண்மனையிலிருந்து ஆணையிடத் தளபதிகள் களத்தில் நின்று போரிடுவதே ஏறத்தாழ இரு நூற்றாண்டு வழக்கமாயிருந்தது. அவ்வழக்கத்தையும் கைவிட்டு, 622இல் ஹெராக்கிளியஸ் தானே படைநடத்திச் சென்றான்.

அவன் கையாண்ட போர்முறையும் துணிவு மிக்கது. இழந்த நகரங்களை ஒவ்வொன்றாக மீட்க முனையாது, ஆர்மீனியா வழியாகப் பாரசீகரின் சொந்த நாட்டையே தாக்கினான். 626இல் ஐரோப்பியக் கரையில் அவார் இனத்தாரும் ஆசியக் கரையில் பாரசீகரும் நின்று கொன்ஸ்தாந்திநோப்பிளை நெருக்கியபோதும் அவன் போர்முனையை விட்டுத் திரும்பவில்லை. நகரின் மதில்களையும் கப்பற்படையையும் சேர்ஜியசின் உறுதியையும் நம்பினான். அந்நம்பிக்கை வீண்போகவில்லை. துருக்கியருடன் நட்புறவு பூண்ட பின் அவன் தெற்கே முன்னேறி, 627 டிசெம்பரில் பண்டை நினிவே நகருக்கு அண்மையில் பாரசீகப் படையை முறியடித்தான். அடுத்த ஆண்டு கொஸ்ரு தன் பிரபுக்களாலும் மகனாலும் வீழ்த்தப்பட்டு மாண்டான். மாகாணங்கள் மீண்டன. 630இல் திருச்சிலுவை மீண்டும் எருசலேமை அடைந்தது. அவ்வாண்டுடன் ஹெராக்கிளியசின் ஆட்சி முடிந்திருப்பின், உரோமப் பேரரசர் வரிசையில் அவனுக்கு நிகராவார் மிகச் சிலராகவே இருந்திருப்பர்.

ஆனால் ஆட்சி மேலும் 11 ஆண்டுகள் நீடித்தது. மீட்கப்பட்ட நாடுகள் முன்னிருந்த நாடுகளாக இருக்கவில்லை. எகிப்தில் ஏறத்தாழப் பத்தாண்டுகளும் சிரியாவில் அதனினும் நெடுங்காலமும் பேரரசின் ஆணை செல்லவில்லை. கொன்ஸ்தாந்திநோப்பிளை எதிர்பாராது வாழ அங்குள்ள மக்கள் பழகியிருந்தனர். நீண்ட போரினால் உழவும் வணிகமும் நலிந்தன, கருவூலம் வறண்டது. எல்லையைக் காத்த அராபியக் குழுக்களுக்கு வழங்கிவந்த பணம் மறுக்கப்பட்டதெனப் பிற்கால வரலாற்றாசிரியர் தியோபானிஸ் கூறுவர். போர்க்காலத்தில் நிலைமைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்ட பேரரசன், அமைதிக்காலத்தில் எதுவும் மாறாதது போன்று பழைய ஆட்சியைப் பழைய இடத்தில் நிறுவவே முயன்றான்.

சமயத்துறையில் இக்குறை மிகத் தெளிவாகப் புலப்படும். 451இல் கூடிய கால்செதோன் சங்கம், கிறிஸ்துவிடம் தெய்வ இயல்பும் மனித இயல்பும் ஆகிய இரண்டும் உள்ளன என்று வகுத்தது. எகிப்திலும் சிரியாவிலும் பெருந்தொகையினர் அதனை ஏற்கவில்லை. இப்பிளவை நீக்க எண்ணிய ஹெராக்கிளியஸ், இயல்புகள் இரண்டாயினும் கிறிஸ்துவின் சித்தம் ஒன்றே என்னும் கொள்கையை 638இல் ஓர் ஆணையாக வெளியிட்டான். ஒற்றுமையை நாடிய அவனது நோக்கம் நன்றே. ஆயின் இரு சாராரும் மனமுவந்து ஏற்காத ஒரு வாய்பாட்டை அரசாணையால் நிலைநாட்ட இயலவில்லை. எகிப்தில் தலைமைக் குருவாகவும் ஆளுநராகவும் அமர்த்தப்பட்ட சைரஸ் வன்முறையைக் கையாண்டான். எகிப்தியத் திருச்சபைத் தலைவர் பெஞ்சமின் பல்லாண்டுகள் மறைந்து வாழ நேர்ந்தது. யூதரைக் கட்டாயமாக ஞானஸ்நானம் பெறச்செய்யும் முயற்சியும் மேற்கொள்ளப்பட்டது. ஈற்றில், பேரரசனின் கொள்கையைக் கொன்ஸ்தாந்திநோப்பிளிற் கூடிய சங்கமே 680–681இல் கண்டித்து ஒதுக்கியது.

இதற்கிடையில் இஸ்லாத்தின்கீழ் ஒன்றுபட்ட அராபியர் வடக்கே திரும்பினர். 636இல் யார்முக் நதிக்கரையில் பேரரசின் பெரும்படை அழிந்தது. சில ஆண்டுகளில் சிரியாவும் எருசலேமும் கைவிட்டுப் போயின. 642இல் அலெக்சாந்திரியாவிலிருந்தும் பேரரசின் படைகள் வெளியேறின. சமயப் பிளவே இத்தோல்விக்கு ஒரே காரணம் என்பது பொருந்தாது. நாடுகளின் தலைவிதியைப் போர்க்களங்களே தீர்மானித்தன. ஆயினும் படை தோற்றபின் தாமாக எழுந்து பேரரசைக் காக்கும் ஆர்வம் அந்நாட்டு மக்களிடம் பரவலாகக் காணப்படவில்லை என்பதும் மறுக்கவொண்ணாதது.

குடும்ப வாழ்விலும் பேரரசன் பொதுமக்களின் கருத்தை மதிக்கவில்லை. தன் உடன்பிறந்தாள் மகளாகிய மார்தினாவை அவன் மணந்தமை திருச்சபை விதிக்கு மாறானது. அவள் மகனும் மூத்தாள் மகனும் ஒருங்கே ஆளவேண்டுமென அவன் செய்த ஏற்பாடு, 641 பெப்ரவரியில் அவன் இறந்த சில மாதங்களுக்குள்ளேயே குலைந்தது. மார்தினாவின் நாவும் அவள் மகனின் மூக்கும் அறுக்கப்பட்டு இருவரும் நாடு கடத்தப்பட்டனர்.

எனினும் அவன் ஆட்சியின் பயன் முற்றாக அழிந்ததெனக் கொள்ளுதல் தவறு. சின்னாசியாவைப் படைவீரர் குடியேறிய மாகாணங்களாகப் பிரித்த பெருமையை ஒஸ்ட்ரொகோர்ஸ்கி போன்ற அறிஞர் அவனுக்கு அளித்தனர். அவ்வமைப்பு அவனுக்குப் பின்னரே படிப்படியாக உருவாயிற்று என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் முடிவு. ஆனால் யார்முக் தோல்விக்குப் பின் எஞ்சிய படைகளைச் சிரியாவில் மேலும் வீணாக்காது தோரஸ் மலைக்கு வடக்கே பின்வாங்கச் செய்தவன் அவனே. சின்னாசியாவும் தலைநகரும் நிலைத்தன. அவற்றைக் கொண்டே பேரரசு 1453வரை எண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்தது. 629இல் அவன் அரசாணையில் மேற்கொண்ட 'பசிலியுஸ்' என்னும் கிரேக்கப் பட்டமும், இலத்தீன் மரபிலிருந்து கிரேக்க மரபுக்குப் பேரரசு மாறிவந்தமைக்குச் சான்றாகும்.

நாடுகளை வாளால் மீட்கலாம். மக்களின் பற்றை வாளால் மீட்க இயலாது. ஆபத்துக் காலத்தில் ஹெராக்கிளியஸ் தன்னையும் தன் படையையும் தலைநகரையும் மாற்றியமைத்தான், ஆகவே வென்றான். வெற்றிக்குப் பின் மாகாணங்களுடன் புதியதோர் உறவை வளர்க்கவேண்டிய பணி அவன்முன் நின்றது. அதற்குரிய காலத்தை வரலாறு அவனுக்குக் குறைவாகவே அளித்தது. கிடைத்த சில ஆண்டுகளையும் அவன் ஆணைகளிற் செலவிட்டான். அவனது வீரத்தைப் போற்றும் வரலாறு இக்குறையையும் சேர்த்தே எழுதப்படுதல் வேண்டும்.