ஆற்றில் போட்ட பாடம்

கார்த்திகை நெருங்கும் மாதங்களில் விருத்தாசலம் செராமிக் கூடங்களில் கை ஓய்வதில்லை. அரைத்துச் சலித்த களிமண்ணைத் தண்ணீர்விட்டுக் கூழாகக் கலக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச, அதன் உட்சுவரில் மண் படிந்து இறுகுகிறது. வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, சற்று நேரம் கழித்து அச்சைப் பிரித்தால் உள்ளே ஒரு பிள்ளையார், ஒரு குதிரை, ஒரு கிளி. ஓரத்துப் பிசிறைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, உலர்த்தி, 1,000 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில் சுட்டெடுத்தால் பொம்மை தயார்.

இந்தத் தொழில் ஊருக்கு வந்ததற்குப் பக்கத்து மண்ணே காரணம். 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவாயிற்று. பழுப்பு நிலக்கரியை எட்டுவதற்காக மேல்மண்ணை அகற்றியபோது பீங்கானுக்கு உகந்த வெண்களிமண்ணும் கிடைத்தது. தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகம், அகல்விளக்கு, பொம்மை, மின்சாரச் சாமான்கள் என்று விருத்தாசலம் செராமிக் ஊர் ஆனது இப்படித்தான்.

நெய்வேலியைத் தாண்டிப் போனால் வடலூர். வள்ளலார் 1867இல் தருமச்சாலை தொடங்கிய அந்த ஊரில்தான் கடலூர் மாவட்டத்துக்கான ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 'டயட்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். தொடக்கப் பள்ளி ஆசிரியராக விரும்புகிறவர்களுக்கு அங்கே இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு. நடுவில் பள்ளிகளுக்குக் கற்பித்தல் பயிற்சிக்குப் போக வேண்டும். பயிற்சி ஆசிரியரின் பாடக்குறிப்பேட்டில் 'ஆர்வமூட்டல்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரு பாட்டு, ஒரு விடுகதை, இரண்டு கேள்வி எழுதிக்கொண்டு வகுப்புக்குள் நுழைகிறார்கள். பாட்டு முடிகிற வரை பிள்ளைகள் கண் விரியப் பார்க்கிறார்கள். சாக்கட்டியை எடுத்துக் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பின்வரிசையில் சலசலப்பு தொடங்கிவிடுகிறது. மீதி அரை மணி நேரத்தை என்ன செய்வது? பயிற்சி ஆசிரியர் படும் பாடெல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பாடம் பிள்ளையின் கைக்குப் போன காலமெல்லாம் வகுப்பு உயிரோடு இருந்தது. வாய்க்கும் காதுக்கும் மட்டும் என்று அது சுருங்கியபோதெல்லாம் பிரம்பு துணைக்கு வந்தது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. தரையில் மணலைப் பரப்பி, ஆசிரியர் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத்தை இழுப்பார். விரல் போகும்போதே வாய் அந்த எழுத்தைச் சொல்ல வேண்டும். தப்பினால் உள்ளங்கையால் நிரவிவிட்டு மறுபடி எழுதலாம். கை பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம் என்ற கணக்கு வாய்பாடுகள் எல்லாம் மனப்பாடம். இன்னொரு பக்கம், பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் போன்ற கொடிய தண்டனைகளும் இருந்தன. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலான பெண் குழந்தைகளுக்கும் அந்தத் திண்ணையில் இடமே இல்லை. திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகப் பாடுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

1789இல் எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஒருநாள் குதிரையில் போகையில் உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் மறுத்தார்கள். ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் கடைசி வகுப்பை ஒப்படைத்தார் பெல். பெரியவர்கள் ஆகாது என்று ஒதுக்கியதை அந்தச் சிறுவன் நடத்திக் காட்டினான். பயிற்சி ஆசிரியர்களின் வரலாற்றை யாராவது எழுதினால், முதல் பக்கத்தில் வர வேண்டிய பெயர் அது.

பெல் 1796இல் கப்பலேறினார். மறு ஆண்டே தம் சோதனையைப் பற்றி லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் சொன்ன 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்து முழுதும் பரவியது. அங்கே வகுப்பறைகளில் மணல் பலகைகள் வந்தன. பெல்லின் சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளி இன்றும் நடக்கிறது. பிறகு அதே முறை மிஷனரிகள் வழியாக, ஆங்கில முறை என்ற மரியாதையோடு சென்னை மாகாணத்துக்குத் திரும்பி வந்தது.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இது பழக்கமான கதையாகத் தோன்றும். திருமுதுகுன்றம் என்ற பழைய பெயர் கொண்ட இவ்வூரில் சுந்தரர் 12,000 பொன் பெற்று, மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பார்கள். எடுத்த பொன் மாற்றுக் குறைந்திருந்ததாகவும் அந்தக் கதை சொல்லும். பெல் கொண்டுபோன பாடமும் மாற்றுக் குறைந்துதான் திரும்பியது. மணலில் விரல் போகும் இன்பத்தைவிட, சட்டாம்பிள்ளைகளை வைத்து ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்ற சிக்கனம்தான் ஆட்சியாளர்களுக்குப் பிடித்திருந்தது.

சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள் என்று கணக்கு வந்தது, ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒன்று. ஆசிரியர்களுக்கு வருமானம் போதவில்லை, அவர்களுக்குப் பயிற்சியும் இல்லை என்று கண்ட மன்றோ, சென்னையில் ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி ஒன்று வேண்டும் என்றார். மறு ஆண்டே காலராவில் இறந்துபோனார். அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி வேப்பேரியில் தொடங்க 1856 ஆயிற்று. பின்னாளில் சைதாப்பேட்டைக்குப் போன அது இன்றும் அங்கே கல்லூரியாக நடக்கிறது.

பயிற்சிப் பள்ளி வந்தது, வகுப்பறை மாறவில்லை. காரணம் பணம். 1860களில், தேர்வில் பிள்ளைகள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்து மானியம் தரும் வழக்கம் வந்தது. ஆய்வாளர் வரும் நாளில் பிள்ளை ஒப்பித்தால் காசு, திக்கினால் இல்லை. பிழைப்பு அதில் தொங்கும்போது எந்த ஆசிரியர் பிள்ளையைப் புளியங்கொட்டை வைத்து விளையாட விடுவார்? அன்றைய ஆசிரியர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் காற்று திசை மாறியது. குஜராத்தில் வழக்கறிஞராக இருந்த கிஜுபாய் பதேக்கா 1920இல் பவநகரில் குழந்தைப் பள்ளி தொடங்கினார். அவர் எழுதி, தமிழில் 'பகல் கனவு' என்ற பெயரில் வந்த நூலை இன்றும் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துப் படிக்கிறார்கள். அதில் வரும் லட்சுமிராம் என்ற ஆசிரியர் முதல் நாள் அமைதி விளையாட்டு நடத்தப் போய், வகுப்பு கூச்சலில் முடிய, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். வகுப்பு வசமாகிறது. கற்பித்தல் பயிற்சியில் முதல் வாரம் நொந்துபோகும் எவரும் படிக்க வேண்டிய பக்கங்கள் அவை.

1939 நவம்பரில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறில் வந்திறங்கினார். அழைத்தவர் பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல். ஓலைக் குடில்களில் நடந்த அந்த முதல் பயிற்சிக்கு ஏறத்தாழ 300 பேர் வந்தார்கள். சில மாதங்களுக்கென்று வந்தவர் போர் காரணமாக இந்தியாவிலேயே பல ஆண்டு தங்கினார். அவர் கொண்டுவந்த கருவிகளில் ஒன்று உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்து. குழந்தை அதன்மேல் விரலை ஓட்டி, எழுத்தின் ஒலியைச் சொல்ல வேண்டும். பெல் அன்று பார்த்த அதே மணல், அதே விரல், அதே வாய். இம்முறை கூடவே பிரம்பு வரவில்லை.

காந்தியின் வழி வேறு. 1937 வார்தா மாநாட்டில் உருவான ஆதாரக் கல்வித் திட்டம் கைத்தொழிலை நடுவில் வைத்தது. அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது இங்கே அதற்கு வேகம் கிடைத்தது. நூற்கும் நூலின் நீளத்தில் கணக்கு, பருத்தி விளையும் ஊரில் புவியியல் என்பது எண்ணம். நடைமுறையில் பல பள்ளிகளில் நூல் நூற்கும் தக்ளிக்குத் தனி மணி, கணக்குக்குத் தனி மணி என்றே நின்றுபோயிற்று. தொழிலையும் பாடத்தையும் முடிச்சுப்போடத் தெரிந்த ஆசிரியர்கள் போதுமான அளவு இல்லை.

1953இல் ராஜாஜி அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரம் பாடம், மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. செராமிக் ஊரில் நின்று யோசித்தால் அந்த எதிர்ப்பின் நியாயம் பளிச்சென்று விளங்கும். குயவர் வீட்டுப் பிள்ளை மட்டும் சக்கரத்தடியில் உட்கார வேண்டும் என்றால் அந்த மண் அவனைக் கட்டிப்போடும். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அதே மண்ணைப் பிசைந்து எழுத்தும் எண்ணும் கற்றால் அது கல்வி. கையால் கற்றல் என்று பேசுகிற ஒவ்வொருவரும் இந்த வேறுபாட்டைக் கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காமராஜர் காலத்தில் மதிய உணவும் புதுப் பள்ளிகளும் வந்தன. அதுவரை பள்ளி வாசலையே மிதிக்காத வீட்டுப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். இடம் நிறைந்தது. அத்தனை பேரையும் ஈர்க்கும் பாடத்துக்கு இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ஆந்திரத்து ரிஷிவேலியில் பத்மநாப ராவ், ரமா தம்பதி சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறையே முன்மாதிரி. 2007-08இல் அது தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. பாடநூல் அட்டைகளாகப் பிரிந்தது. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சின்னம். சுவரில் ஏணி ஒன்று வரைந்திருக்கும். தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, பிள்ளையே போய்த் தன் அட்டையை எடுத்துவரும். எழுத்துகளும் அகர வரிசையை விட்டு, எழுத எளிய ட, ப, ம போன்றவற்றிலிருந்து தொடங்கின. பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, தலைக்கு மேலே அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். நாற்காலி ஓரமாகப் போயிற்று. ஆசிரியர் பாயில் இறங்கி உட்கார்ந்தார்.

இந்தக் கடைசி மாற்றம்தான் ஆசிரியர்களுக்குக் கடினமாக இருந்தது. நின்றுகொண்டு ஒரே பாடத்தை நாற்பது பேருக்குச் சொல்லிப் பழகியவர், நாற்பது பேர் நாற்பது படியில் இருப்பதைச் சமாளிக்க வேண்டும். அட்டையை நிரப்பினால் போதும் என்று சில வகுப்புகளில் அதுவும் சடங்கானது. பிறகு முறை எளிமையாக்கப்பட்டது. 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்தது. பிள்ளைகள் அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிந்து, பாட்டிலும் கதையிலும் பொம்மலாட்டத்திலும் பாடம் கற்கிறார்கள்.

திட்டத்தின் பெயர் மாறும். பயிற்சி ஆசிரியர் கற்க வேண்டியது மாறவில்லை. சார்ட்டும் தெர்மகோலும் வாங்கி, இரவெல்லாம் கண்விழித்து அழகான துணைக்கருவி செய்துகொண்டு போகிறார்கள். அதைச் சுவரில் மாட்டினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அதைச் செய்ததில் கற்றுக்கொண்டவர் பயிற்சி ஆசிரியர்தான், பிள்ளை வெறுமனே பார்க்கிறது. அதற்குப் பதிலாக ஒரு வாளி களிமண்ணைக் கொண்டுபோகட்டும். உள்ளங்கையில் வைத்து உருட்டிய மண்ணைத் திரியாக நீட்டி 'ழ' செய்யச் சொன்னால், எழுத்து எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்பது பிள்ளைக்குத் தானே புரியும். பத்து உருண்டையைச் சேர்த்தால் ஒரு திரி என்று வைத்துக்கொண்டால் இட மதிப்பு கைக்கு வந்துவிடும். 32இலிருந்து 7ஐக் கழிக்க ஒரு திரியைப் பிய்த்துப் பத்து உருண்டையாக்க வேண்டும். 'கடன் வாங்குதல்' என்று வாயால் எத்தனை முறை சொன்னாலும் ஏறாதது அந்த ஒரு பிய்த்தலில் ஏறும். தப்பாகப் போனால் பிசைந்துவிட்டு மறுபடி தொடங்கலாம், அடிப்பதற்கு அங்கே வேலையில்லை.

இதற்கு விருத்தாசலத்தைவிட வசதியான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. செராமிக் கூடம் வைத்திருப்பவர்கள் பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு மூட்டைப் பதமான களிமண் கொடுக்கலாம். பிள்ளைகள் செய்ததில் சிலவற்றைத் தங்கள் சூளையில் ஒரு தட்டில் வைத்துச் சுட்டும் கொடுக்கலாம். வடலூர்ப் பயிற்சி ஆசிரியர்களை அவர்களின் விரிவுரையாளர்கள் ஒருநாளாவது இந்தக் கூடங்களுக்கு அழைத்துவர வேண்டும், மண்ணின் பதம் கைக்குத் தெரிவதற்காக. செலவு என்று பார்த்தால் மூட்டை ஏற்றிவரும் வண்டி வாடகைதான்.