4294967297: ஐந்தாம் ஃபெர்மா எண்ணின் இயல்பும் வகைப்பாடும்

1. எண்ணும் அதன் வரலாறும்

2³² என்பதோடு 1ஐக் கூட்டினால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297 கிடைக்கும். 2இன் அடுக்காக 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துச் செல்லும் எண்களை இட்டு, 1 கூட்டிப் பெறுபவை ஃபெர்மா எண்கள். 3, 5, 17, 257, 65537 என முதலில் வரும் ஐந்தும் பகா எண்கள். வரிசையை 0இலிருந்து தொடங்குவதால் அடுத்து வரும் இந்த எண் ஐந்தாம் ஃபெர்மா எண் எனப்படுகிறது.

இவ்வரிசை முழுவதும் பகா எண்களே என்று பியர் டி ஃபெர்மா 1640இல் கடிதத்தில் எழுதினார், நிறுவவில்லை. 1729இல் கோல்ட்பாக் இக்கூற்றை ஆய்லரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1732இல் ஆய்லர் அதை உடைத்தார்:

4294967297 = 641 × 6700417

2. காரணி அகப்பட்ட வழி

இந்த எண்ணைக் கண்மூடித்தனமாக வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இதன் பகாக் காரணி எதுவானாலும் 64ஆல் வகுக்கையில் மீதி 1 தரவேண்டும் என்று பின்னர் ஆய்லரே நிறுவிக் காட்டினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்றே தொடங்குகின்றன. ஐந்தாவது வகுத்தலில் விடை வந்துவிடுகிறது. 2³⁷−1 என்ற எண்ணுக்கு 223 என்னும் காரணியைக் கண்டுபிடித்த ஃபெர்மா 641ஐத் தவறவிட்டது பெரும் வியப்பு.

வகுக்காமலே இதை நிறுவவும் முடியும். 641 = 5 × 2⁷ + 1; எனவே 641ஆல் வகுக்கையில் 5 × 2⁷ தரும் மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ தரும் மீதி 1. மேலும் 641 = 5⁴ + 2⁴ என்பதால் 5⁴ இருக்குமிடத்தில் −2⁴ஐ இடலாம். அப்போது −2³² தரும் மீதி 1 ஆகிறது. ஆகவே 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

3. வகைப்பாடு

இது ஒற்றைப்படை எண். இரண்டு வெவ்வேறு பகா எண்களின் பெருக்கற்பலன். தன்னை நீக்கிய வகுஎண்களின் கூடுதல் 67,01,059 மட்டுமே என்பதால் குறை எண்.

இவற்றைவிட முக்கியமானது, இது 2ஐ அடியாகக் கொண்ட போலிப் பகா எண் என்பது. n ஒற்றைப்படைப் பகா எண்ணானால் 2ஐ n−1 முறை பெருக்கி 1 கழித்தால் n வகுக்கும் என்பது ஃபெர்மாவின் சிறு தேற்றத்தின் விளைவு. நம் எண் 2⁶⁴−1ஐ வகுக்கிறது. 64 என்பது இங்கே n−1 ஆகிய 2³²ஐ வகுக்கிறது. அதனால் பகு எண்ணாக இருந்தும் இச்சோதனையில் தேறிவிடுகிறது. 2ஐக் கொண்டே உருவான எண்ணை 2ஐக் கொண்டு சோதிப்பது பயன்படாது.

ஆனால் வர்க்கங்கள் உண்மையைச் சொல்லிவிடுகின்றன. 65536² + 1² என்பது வெளிப்படை. 62264² + 20449² என்றாலும் அதே எண்தான். பகா எண் எதையும் இரு வர்க்கங்களின் கூடுதலாக இரண்டு வழிகளில் எழுத முடியாது. இந்த ஒரு வரியே பகு எண் என்பதற்குப் போதிய சான்று.

4. வடிவியல் விளைவு

ஒழுங்கு பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய, பக்க எண்ணிக்கையின் ஒற்றைப்படைப் பகாக் காரணிகள் வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களாக இருக்கவேண்டும். இதற்கு வழிகாட்டியது 1801இல் வெளிவந்த காஸின் நூல். 641 ஃபெர்மா எண் அல்ல. எனவே 4294967297 பக்கப் பலகோணத்தை அவ்வாறு வரைய முடியாது. இரண்டு பக்கம் குறைத்தால் நிலைமை மாறுகிறது: 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. இதுவரை அறியப்பட்ட ஃபெர்மா பகா எண்கள் ஐந்தும் அதில் அடக்கம். ஒற்றைப்படைப் பக்கங்களோடு வரையக்கூடியதாக நாம் அறிந்த மிகப் பெரிய ஒழுங்கு பலகோணம் அதுவே.