சொன்னால்தான் கணக்கு

பிரிட்ஜ் தெரியாதவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது, "ரம்மியில் இல்லாதது இதில் அப்படி என்ன சார் இருக்கிறது?" என்பதுதான். ஒரே ஒரு விதியைச் சொல்வேன். பத்துப் பிடி எடுப்பேன் என்று முன்கூட்டியே ஏலத்தில் சொல்லி, பத்து எடுத்தால் பெரிய போனஸ். எட்டு என்று சொல்லிவிட்டுப் பத்து எடுத்தாலும் அந்தப் போனஸ் கிடையாது. உபரி இரண்டு பிடிக்கும் சில்லறைதான் தேறும். தன் பதின்மூன்று சீட்டை மட்டும் பார்த்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் பார்ட்னரின் பதின்மூன்றையும் ஊகித்து, இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு தேறும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கூடச் சொன்னால் அபராதம், குறைத்துச் சொன்னால் நஷ்டம்.

இந்த விதிக்கு வயது நூறுதான். அதற்கு முன் விஸ்ட் இருந்தது. அதில் ஏலமே கிடையாது. கடைசியாக விழும் சீட்டைத் திருப்பிப் பார்த்தால் அதுதான் துருப்பு. 1886-ல் லண்டனில் 'பிரிட்ச், அல்லது ருஷ்ய விஸ்ட்' என்று ஒரு சிறு பிரசுரம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏலம் சேர்ந்துகொண்டு ஆக்‌ஷன் பிரிட்ஜ் ஆனது. ஏலத்தைக் கொண்டுவந்தவர்கள் இந்தியாவில் எங்கோ ஒரு மூலையில் நாலாவது ஆள் கிடைக்காமல் தவித்த வெள்ளைக்கார அதிகாரிகள் என்று ஒரு கதை உண்டு. கதை நிஜமோ பொய்யோ, நம் மாவட்டத் தலைநகர்களின் கோடைகாலத்தை அறிந்தவன் என்ற முறையில் நம்ப எனக்குத் தடையில்லை.

ஆக்‌ஷன் பிரிட்ஜில் ஏலத்தை மலிவாக எடுத்தவன் கெட்டிக்காரன். எத்தனை சொன்னாய் என்பது முக்கியமில்லை. எடுத்த பிடியெல்லாம் கணக்கில் ஏறும். பிரான்சில் ஆடிய பிளாஃபோன் என்ற ஆட்டத்தில்தான் சொன்னது மட்டும் கணக்கு என்ற வழக்கம் இருந்தது. ரயில்வே கோடீஸ்வரக் குடும்பத்தைச் சேர்ந்தவரும் பாய்மரப் படகுப் பந்தயக்காரருமான ஹெரால்ட் வாண்டர்பில்ட் அதை எடுத்து, தானே ஒரு புள்ளி அட்டவணை தயாரித்தார். 1925 இலையுதிர் காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பனாமா கால்வாய் வழியாக ஹவானா போன 'ஃபின்லாந்து' கப்பலில் மூன்று நண்பர்களுடன் அதை ஆடிப் பார்த்தார். ஏற்கெனவே ஒரு கேம் ஜெயித்த கட்சிக்கு அபராதத்தை ஏற்றினார். அந்த நிலைக்கு 'வல்னரபிள்' என்று பெயர் வைத்தது அதே கப்பலில் பயணம் செய்த ஓர் இளம்பெண். கரைக்கு வந்ததும் வாண்டர்பில்ட் அட்டவணையின் பிரதிகளை நண்பர்கள் சிலருக்குக் கொடுத்தார். விளம்பரம் எதுவும் செய்யவில்லை. சில ஆண்டுகளுக்குள் பழைய ஆட்டம் காணாமல் போயிற்று.

நான் நாகர்கோவில்காரன். எங்கள் பக்கத்தில் சிறுவயதிலேயே 'இருபத்தெட்டு' ஆடப் பழகிவிடுவோம். ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. நாலு ஜாதியும் சேர்ந்தால் இருபத்தெட்டு. யாழ்ப்பாணத்தார் ஆடும் முந்நூற்றுநாலும் இதே குடும்பம்தான். அங்கே ஜாக்கிக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது. இந்த ஆட்டங்களில் முதல் நாலு சீட்டை மட்டும் பார்த்துக் கேட்க வேண்டும். துருப்பைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் மீதி நாலு வரும். பாதிக் கையை வைத்து மீதியைத் தெய்வத்தின் தலையில் போடும் ஏலம். பிரிட்ஜில் சீட்டு முழுவதும் முதலிலேயே கையில் இருக்கிறது. தெரியாதது பார்ட்னரின் கை. ஆகவே ஏலமே ஒரு பேச்சாகிவிடுகிறது. முப்பத்தைந்து கேள்விகள், அதோடு பாஸ், டபுள், ரீடபுள் – மொத்தம் முப்பத்தெட்டு வார்த்தைகள். அதற்குமேல் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது.

ஆயுள் காப்பீட்டில் ப்ரொபோசல் படிவங்களைப் பார்த்துப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். படிவத்தில் எழுதியிருப்பதை வைத்து எழுதாததை எடைபோட்டு, இந்த ஆளை இந்தத் தொகைக்கு ஏற்கலாமா என்று முடிவெடுக்கும் வேலை. பிரிட்ஜ் ஏலமும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. இந்த ஆட்டத்தின் வரலாற்றில் காப்பீட்டு ஆட்கள் அடிக்கடி தலைகாட்டுவதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை. பார்ட்னரிடம் எத்தனை ஏஸ் என்று நாலு நோ டிரம்ப் போட்டுக் கேட்கும் முறையைக் கண்டுபிடித்த ஈஸ்லி பிளாக்வுட், இண்டியானாபொலிஸில் காப்பீட்டு மேலாளர். 1933-ல் அவர் இதைப் பற்றிப் புனைபெயரில் எழுதி அனுப்பிய கட்டுரையைப் பத்திரிகை ஏற்கவில்லை. இன்றைக்கு உலகத்தில் அந்தக் கேள்வி கேட்கப்படாத கிளப் இல்லை. கேட்க வேண்டாத இடத்தில் கேட்கப்படுவதுதான் அதிகம்.

பத்திரிகை என்றால் 'பிரிட்ஜ் வேர்ல்ட்'. 1929-ல் அதைத் தொடங்கியவர் ஈலி கல்பர்ட்ஸன். ருமேனியாவில் பிறந்தவர், தந்தை அமெரிக்கர், தாய் ருஷ்யர். ருஷ்யப் புரட்சியில் குடும்பச் சொத்து போனபின் சீட்டாடிப் பிழைத்தவர். நியூயார்க்கில் பிரிட்ஜ் சொல்லிக்கொடுத்து வந்த ஜோசஃபினைக் கல்யாணம் செய்துகொண்டார். என் கணிப்பில் அவர் முதலில் வியாபாரி, அப்புறம்தான் ஆட்டக்காரர். ஆனால் விற்ற சரக்கு அசல் சரக்கு. ஏஸ் ஒரு ஹானர் ட்ரிக், ஏஸும் ராஜாவும் ஒரே ஜாதியில் இருந்தால் இரண்டு, ஏஸும் ராணியும் ஒன்றரை என்று எடைபோட்டு, சின்னக் கேள்வியில் தொடங்கிப் படிப்படியாகப் பார்ட்னரோடு பேசி உயர வேண்டும் என்று சொன்னார். சில தாவல்களுக்குப் பார்ட்னர் பாஸ் சொல்லவே கூடாது என்றும் விதித்தார். அதற்கு முன்னால் அவரவர் தைரியம்தான் அளவுகோல்.

1929 செப்டம்பரில் கன்சாஸ் சிட்டியில் ஒரு வீட்டில் இரண்டு தம்பதிகள் ஆடினார்கள். ஜான் பென்னட் ஒரு ஸ்பேட் என்று ஆரம்பித்தார். மனைவி மர்ட்டில் நாலுக்கு, அதாவது பத்துப் பிடிக்கு, ஏற்றினார். பென்னட் அதை எடுக்கத் தவறினார். வாய்ச்சண்டை முற்றி அறை விழுந்தது. கடைசியில் மர்ட்டில் துப்பாக்கியால் சுட்டுக் கணவர் இறந்தார். 1931-ல் நீதிமன்றம் மர்ட்டிலை விடுவித்தது. அன்றைக்கு யார் கையில் என்ன சீட்டு இருந்தது என்று பின்னால் பத்திரிகைகள் போட்ட படங்களை நான் நம்புவதில்லை. பிணம் கிடக்கும் வீட்டில் யார் சீட்டை எடுத்துக் குறித்துவைத்திருப்பார்கள்? ஆனால் ஒன்று தெரிகிறது. ஆட்டம் பிறந்து நாலே வருஷத்தில், "உன்னை நம்பித்தானே நாலு போட்டேன்" என்பது அமெரிக்கக் குடும்பச் சண்டையில் இடம்பிடித்துவிட்டது.

இந்தப் பைத்தியம் உச்சத்துக்குப் போனது 1931 டிசம்பர் 7-ஆம் தேதி. கல்பர்ட்ஸனின் வளர்ச்சி பிடிக்காத நிபுணர்கள் ஒன்றுகூடி 'அஃபிஷியல் சிஸ்டம்' என்று தங்கள் முறையை அறிவித்திருந்தார்கள். கல்பர்ட்ஸனோடு போட்டிக்கு அவர்கள் பக்கத்தில் 58 வயதான சிட்னி லென்ஸ் இறங்கினார். மர வியாபாரத்தில் இளம் வயதிலேயே பணம் சேர்த்துவிட்டு ஓய்ந்தவர். தோற்றால் கல்பர்ட்ஸன் 5,000 டாலர் தர வேண்டும், லென்ஸ் 1,000. எப்படியும் பணம் தர்மத்துக்கு. மொத்தம் 150 ரப்பர். நியூயார்க்கில் கல்பர்ட்ஸன் குடியிருந்த சாத்தம் ஹோட்டலில் தொடங்கி, பாதியில் வால்டார்ஃப் அஸ்டோரியாவுக்கு மாறினார்கள். மேஜையைச் சுற்றி மறைப்பு. அதன் இடுக்கு வழியாக நிருபர்கள் எட்டிப் பார்த்தார்கள். நடுவர் ஆல்ஃப்ரட் க்ரூந்தர் என்ற இளம் ராணுவ லெஃப்டினன்ட். பிற்காலத்தில் ஐரோப்பாவில் நேட்டோ படைகளின் தலைமைத் தளபதியானார்.

கல்பர்ட்ஸன் தாமதமாக வருவார். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசிப்பார். மேஜையிலேயே மாட்டிறைச்சி வரவழைத்துச் சாப்பிடுவார். சீட்டெல்லாம் எண்ணெய் பிசுக்காகிறது என்று லென்ஸ் எரிந்து விழுவார். ஆரம்பத்தில் முன்னால் இருந்தது லென்ஸ்தான். ஆனால் என் கவனம் எப்போதும் லென்ஸின் பார்ட்னர்மேல்தான் போகும். ஆஸ்வால்ட் ஜேக்கபி, காப்பீட்டுக் கணிதம் படித்து 21 வயதிலேயே அக்சுவரி பரீட்சைகளை முடித்தவர், அந்த டிசம்பரில் 29 வயது. கணக்கு தலைக்குள்ளேயே ஓடும் ஆள். கையில் ஒன்றும் இல்லாமலே ஒரு ஜாதியைக் கேட்டு எதிரிகளைக் குழப்புவதில் அவருக்கு ருசி. எதிரிகள் குழம்பினார்களோ இல்லையோ, லென்ஸ் குழம்பினார். எல்லோர் முன்னிலையிலும் பார்ட்னரைக் குறை சொன்னார். 103-ஆவது ரப்பருக்குப் பிறகு ஜேக்கபி எழுந்து போய்விட்டார். அவர் இடத்தில் வின்ஃபீல்ட் லிகெட் என்ற கடற்படைக்காரர் வந்தார். 1932 ஜனவரி 8-ஆம் தேதி முடிந்தபோது கல்பர்ட்ஸன் கட்சி 8,980 புள்ளி முன்னால்.

எந்த முறை உயர்ந்தது என்று இந்தப் போட்டி ஒன்றும் நிரூபிக்கவில்லை. ஆயிரத்துக்கும் குறைவான கைகளில், வந்த சீட்டின் அதிர்ஷ்டத்தைக் கழித்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் சொற்பம். தோற்றது ஒரு ஜோடி. பார்ட்னர் எப்போது நிஜம் சொல்கிறார், எப்போது எதிரிக்காகப் பேசுகிறார் என்று லென்ஸால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஜேக்கபி தனித்தனியாக எடுத்த முடிவுகள் பலவும் இன்றைய கண்ணுக்குச் சரிதான். ஆனால் கல்பர்ட்ஸன் புத்தகங்களை வாங்கியவர்களுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை.

பின்னால் ஹானர் ட்ரிக்கும் போயிற்று. ஏஸுக்கு நாலு, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்கிக்கு ஒன்று என்ற எண்ணிக்கையை மில்டன் வொர்க் ஏற்கெனவே பரப்பியிருந்தார். அவரிடம் எழுத்து வேலை பார்த்த பிலடெல்பியா வக்கீல் சார்லஸ் கோரன், ஒரு ஜாதியே இல்லாவிட்டால் மூன்று, ஒற்றைச் சீட்டுக்கு இரண்டு, இரட்டைக்கு ஒன்று என்று கூட்டி, 1949-ல் புத்தகமாகப் போட்டார். இருவரிடமும் சேர்ந்து 26 இருந்தால் கேம், 33 இருந்தால் ஸ்லாம். பின்னக் கணக்கு ஒழிந்தது. 1958-ல் டைம் இதழின் அட்டையில் கோரன் படம் வந்தது. சமையலறையில் நிற்பவர்கூட விரல்விட்டு எண்ணி ஆடலாம் என்றானது. அதுதான் அதன் பலம், பிசகும் அங்கேதான். நாலு-மூன்று-இரண்டு-ஒன்று என்பது ஏஸை மதிப்பில் குறைக்கிறது, ராணியையும் ஜாக்கியையும் தூக்கிவிடுகிறது, பத்துக்கு எதுவுமே தருவதில்லை. 1969-ல் ழான்-ரெனே வெர்ன் என்ற பிரெஞ்சுக்காரர், இரண்டு கட்சிக்கும் சேர்த்து எத்தனை துருப்பு இருக்கிறதோ ஏறக்குறைய அத்தனை பிடிதான் மொத்தம் தேறும் என்று வேறொரு கணக்கோடு வந்தார். அதை வேதமாக்கியவர்களும் உண்டு, எதிர்த்துப் புத்தகம் போட்டவர்களும் உண்டு.

முப்பத்தெட்டு வார்த்தைதான் என்று சொன்னேன். ஆனால் குரல் இருக்கிறதே! "ரெண்டு ஸ்பேட்" என்பதை இழுத்துச் சொல்வதற்கும் வெட்டிச் சொல்வதற்கும் உள்ள தூரம் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். அதனால்தான் சுவீடன்காரர்கள் அட்டைப் பெட்டி கொண்டுவந்தார்கள்; வாய் திறக்காமல் அட்டையை எடுத்து வைக்கலாம். 1975-ல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் பார்ட்னர்களுக்கு நடுவே திரை வைத்தார்கள். அதே போட்டியில் ஓர் இத்தாலிய ஜோடி மேஜைக்கு அடியில் காலால் பேசியதாகப் பிடிபட்டது. பிறகு திரை தரைவரை நீண்டது. யோசிக்க எடுக்கும் நேரத்தை மட்டும் எந்தத் திரையாலும் முழுதாக மறைக்க முடியவில்லை.

எங்கள் கிளப்பில் போன மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். டீம் போட்டி, நாங்கள் வல்னரபிள். என் பார்ட்னர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். எல்லோருக்கும் அவர் 'சார்'. அவர் ஒரு ஸ்பேட் வைத்தார், நான் இரண்டு வைத்தேன். அவர் யோசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மூன்று ஸ்பேட் வைத்தார். நாலுக்குப் போவதா வேண்டாமா, நீ சொல் என்று அர்த்தம். என் கையில் ஸ்பேட் ராஜா, எட்டு, ஆறு, நாலு. ஹார்ட் ஏழு, ஐந்து, மூன்று, இரண்டு. டைமண்ட் ஏஸ், ஒன்பது, ஐந்து. கிளப் ஆறு, நாலு. எண்ணினால் ஏழே பாயிண்ட். இதற்குப் பதில் ராணியும் ஜாக்கியுமாகச் சிதறி, மூன்றே துருப்போடு எட்டுப் பாயிண்ட் இருந்தால் யோசிக்காமல் பாஸ் வைத்திருப்பேன். இது ஏஸ், துருப்பு ராஜா, நாலு துருப்பு, ஓர் இரட்டை. அதோடு வல்னரபிள் கணக்கு: நாலு கேட்டு எடுத்தால் 10 ஐஎம்பி (டீம் போட்டிப் புள்ளி) லாபம், ஒன்று குறைந்தால் 6 நஷ்டம். நூற்றுக்கு முப்பத்தெட்டு வாய்ப்பு இருந்தாலே கேட்டுவிட வேண்டும். நாலு வைத்தேன்.

வலப்பக்கம் இருந்த அம்மாள் உடனே டைரக்டரைக் கூப்பிட்டார். "அவர் அத்தனை நேரம் யோசித்தார், அதைப் பார்த்துத்தான் இவர் நாலு போட்டார்." புகாரில் நியாயம் இல்லாமல் இல்லை, பார்ட்னரின் தயக்கத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பது சட்டம். தயங்கியவர் கூடுதலாக வைத்திருந்தாரா, குறைவாகவா என்று தயக்கம் சொல்வதில்லை என்பது என் பக்கம். டைரக்டர் சுருக்கமாக, "ஆடுங்க, முடிஞ்சதும் பார்க்கலாம்" என்றார்.

எதிரிகளிடம் இருந்த நாலு துருப்பும் ஒரே கையில். அப்படி விழுவது நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. சார் ஒன்பது பிடியோடு நின்றார். நூறு புள்ளி கிடைத்ததும் அம்மாளின் புகார் தானாகக் கரைந்தது. அடுத்த மேஜையில் மூன்றோடு நிறுத்தியிருந்தார்கள், ஆறு போயிற்று.

காபி குடிக்கும்போது அதே அம்மாள், "ஏழு பாயிண்டில் நாலா?" என்று சிரித்தார். நான் பதில் சொல்லுமுன் சார் ஸ்கோர் சீட்டின் பின்பக்கத்தில் என் கையை எழுதி, டைமண்ட் ஏஸைச் சுற்றி வட்டம் போட்டு அவர் பக்கம் நகர்த்தினார். "ஸ்பேட் ரெண்டு-ரெண்டா இருந்திருந்தா டைரக்டர் திரும்ப வந்திருப்பார்மா, அவ்வளவுதான்."