ரேந்தையும் தேரிமண்ணும்: இரண்டு மதாம்மாக்களின் கதை

எங்க பாட்டி வீட்டுத் திண்ணையில் உருளையாக, கனமாக ஒரு திண்டு இருக்கும். அதன் மேல் துளை போட்ட ஒரு அட்டை, அட்டை முழுக்க குண்டூசிகள், ஊசிகளில் இருந்து தொங்கும் நூல்கள், ஒவ்வொரு நூல் முனையிலும் ஒரு சின்ன மரக்கட்டை. பாட்டி உட்கார்ந்தால் அந்தக் கட்டைகள் ஒன்றோடொன்று முட்டி கடகடவென்று சத்தம் வரும். அதற்குப் பேர் ரேந்தை. லேஸ் என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன். ரேந்தை போர்ச்சுகீசிய மொழியிலிருந்து தமிழுக்குள் வந்த சொல் என்பது அதற்கும் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

"மக்களே, கைய வைக்காத, நூலு கொளம்பிரும்" என்பாள் பாட்டி. இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால், "எங்கம்மா. எங்கம்மைக்கு அவ அம்மை. மொதல்ல மதாம்மாவுல்லா படிப்பிச்சுக் குடுத்தது" என்பாள்.

எந்த மதாம்மா?

"வெள்ளக்கார மதாம்மா. பேரு யாருக்குத் தெரியும்?"

அந்தப் பேரைத் தேடிப் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது. கிடைத்தது ஒரு பேர் இல்லை, இரண்டு. ஒரு அம்மா, அவளுடைய மகள். இருவருமே கணவனின் ஊழியத்துக்காக முன்பின் வாழ்ந்திராத ஊருக்குக் குடிபெயர்ந்தவர்கள். அம்மா வந்து சேர்ந்தது நாகர்கோவிலுக்கு, 1819-இல். மகள் போய்ச் சேர்ந்தது இடையன்குடிக்கு, 1844-இல்.

1

தென் திருவிதாங்கூரில் புராட்டஸ்டண்ட் மிஷன் தொடங்கியது நாகர்கோவிலில் இல்லை, மயிலாடியில். லண்டன் மிஷனரி சங்கத்தின் ரிங்கல்தௌபே அங்கேதான் வேலை செய்தார். திருமணம் செய்துகொள்ளாத, தனிமையான மனிதர். 1816-இல் அவர் போன பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் சார்லஸ் மீட். வரும் வழியிலேயே, பினாங்கில், மீட் தன் மனைவியை இழந்திருந்தார். மிஷனரியின் பயணம் என்றால் சினிமாவில் வருகிற மாதிரி கப்பலில் கையசைத்து வந்து இறங்குவது என்று நினைத்துக்கொள்கிறோம். சூயஸ் கால்வாய் 1869-இல்தான் திறக்கிறது. அதற்கு முன் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும். கிளம்பின எல்லோரும் வந்து சேருவார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

மீட் மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு மிஷனை மாற்றினார். ராணி கௌரி பார்வதி பாயின் அரசு ஒரு பங்களாவைக் கொடுத்தது. 1819 ஜனவரி 1 அன்று, இன்று ஹோம் சர்ச் என்று எல்லோரும் சொல்கிற பெரிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்தவர்கள்தான் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியர்.

இதில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்கணும். சங்கத்தின் கணக்கில் மிஷனரி என்பவர் சார்லஸ் மால்ட் மட்டும்தான். மார்த்தா மிஷனரியின் மனைவி. அவளுக்கு நியமனம் இல்லை, தனிச் சம்பளம் இல்லை. கணவனின் வேலை எந்த ஊரோ அந்த ஊர்தான் அவளுக்கும் ஊர். ஆனால் ஆண்கள் நுழையவே முடியாத இடம் ஒன்று இருந்தது: பெண் பிள்ளைகள். அவர்களை வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வருவது எந்த வெள்ளைக்காரப் பாதிரியாராலும் ஆகக்கூடிய காரியம் இல்லை. அது மதாம்மாவால்தான் முடியும்.

மார்த்தா தங்கிப் படிக்கும் பெண்கள் பள்ளி ஒன்றைத் தொடங்கினாள். வாசிப்பு, எழுத்து, வேதபாடம். கூடவே, 1821 வாக்கில், தன் ஊரிலிருந்து தெரிந்து வைத்திருந்த திண்டு ரேந்தையைக் கற்பிக்க ஆரம்பித்தாள்.

2

ஏன் ரேந்தை? கோழி வளர்க்கச் சொல்லியிருக்கலாமே, பாய் முடையச் சொல்லியிருக்கலாமே?

அன்றைய திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படியே இருந்தது. நிலத்தோடு சேர்த்து மனிதர்களையும் விற்கலாம், அடமானம் வைக்கலாம். அதற்கு முடிவு வந்தது 1855-இல், மார்த்தா வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து. பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் அடிமைக் குடும்பங்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் பெண்ணின் உழைப்பு இன்னொருவருடைய சொத்து. அவள் படித்துவிட்டுத் திரும்பிப் போனால் போகிற இடம் அதே வயல்தான்.

ரேந்தைக்கு நிலம் வேண்டாம். வெயிலில் நிற்க வேண்டாம். ஒரு திண்டு, கொஞ்சம் நூல், பழகிய விரல் இருந்தால் போதும். வாங்குபவர்கள் உள்ளூரின் நில உடைமையாளர்கள் இல்லை, இந்தியாவில் இருந்த ஐரோப்பியக் குடும்பங்கள். அதாவது, அந்தப் பெண்ணின் வருமானம் அவளை அடிமையாக வைத்திருந்தவரின் கைக்கு எட்டாத ஒரு சந்தையில் இருந்து வந்தது. அப்படிச் சேர்ந்த காசைக் கொடுத்து சில பெண்கள் தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள்.

இந்த வரியை முதல் தடவை படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பாட்டியின் திண்ணையில் கேட்ட அந்தக் கடகட சத்தம் இருக்கிறதே, அது ஒரு காலத்தில் ஒருத்தி தன்னைத் தானே விலைக்கு வாங்குகிற சத்தம்.

இதை முழுக்க ஒரு தேவதைக் கதையாகச் சொல்லிவிடவும் முடியாது. ஐரோப்பியச் சீமாட்டிகளின் சட்டைக் கழுத்துக்குத்தான் அந்த ரேந்தை போனது. பிள்ளைகளின் உழைப்பில்தான் பள்ளியின் செலவும் ஓடியது. மதம் மாறுவதும், ஒழுங்கு படிப்பதும், விக்டோரியா காலத்து நல்ல மனைவியாக ஆவதும் ஒரே பாடத்திட்டத்தில் இருந்தன. மார்த்தா சாதி ஒழிப்புப் புரட்சி செய்ய வந்தவள் இல்லை. அவள் வந்தது ஆத்துமாக்களை ரட்சிக்க. ஆனால் ஒரு பெண்ணின் கையில் அவளுக்கே சொந்தமான காசு வந்துவிட்டால், அதற்குப் பிறகு நடப்பது கற்றுக்கொடுத்தவர்களின் திட்டப்படி நடப்பதில்லை.

உடையில் அது வெடித்தது. மிஷன் பள்ளிக்குப் போன பெண்கள் குப்பாயம் போட்டார்கள், மேலே துணியும் போட்டார்கள். ஆதிக்க சாதியினர் அதைக் கிழித்தார்கள். 1820-களின் கடைசியில் ஜெபக்கூடங்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. 1829-இல் அரசு போட்ட உத்தரவு குப்பாயத்தை அனுமதித்தது, உயர்சாதிப் பெண்களைப் போல மேல்துணி போடக் கூடாது என்றது. அடுத்த முப்பது ஆண்டு அந்தப் போராட்டம் ஓயவில்லை. 1859 ஜூலையில் வந்த அறிவிப்பில்தான் நாடார் பெண்கள் எல்லோரும் மேலாடை அணியலாம் என்றானது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. மால்ட் தம்பதியர் அந்த நாளை இங்கே பார்க்கவில்லை. 1850-களின் நடுவிலேயே ஊர் திரும்பிவிட்டார்கள்.

3

1822-இல் நாகர்கோவிலில் அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். எலைசா. அப்பா அம்மாவுக்கு இங்கிலாந்து ஊர், அவளுக்கு நாகர்கோவில்தான் ஊர். ரேந்தைத் திண்டுகளுக்கு நடுவில், அந்தப் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டே வளர்ந்தவள். தமிழ் அவளுக்குக் கற்ற மொழி இல்லை, காதில் விழுந்த மொழி.

அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், கும்பினியின் திருநெல்வேலிச் சீமையில், ஒரு இளைஞர் தனியாக இருந்தார். ராபர்ட் கால்டுவெல். அயர்லாந்தில் பிறந்து கிளாஸ்கோவில் வளர்ந்தவர். 1838 ஜனவரியில் மெட்ராஸில் இறங்கி, மூன்று ஆண்டுகளுக்குப் பின் லண்டன் மிஷனரி சங்கத்தை விட்டு ஆங்கிலிக்கன் சபையின் எஸ்.பி.ஜி. சங்கத்தில் சேர்ந்தவர். மெட்ராஸிலிருந்து தெற்கே அவர் வந்தது நடந்தே. தரங்கம்பாடி, தஞ்சாவூர், நீலகிரி என்று சுற்றி, 1841 கடைசியில் இடையன்குடி வந்து சேர்ந்தார்.

இடையன்குடியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பக்கம் எல்லாம் தேரிக்காடு. சிவப்பு மணல், பனைமரம், காற்று. ஆடி மாதக் காற்றில் மணல் மேடு இடம் மாறும். பனையேறிகள் வாழ்ந்த சின்ன ஊர் அது. நெல்லும் தண்ணீரும் பச்சையுமாக இருந்த நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் வேறு அரசு, வேறு மண், வேறு பேச்சு.

1844 மார்ச்சில் எலைசாவுக்கும் கால்டுவெல்லுக்கும் நாகர்கோவிலில் கல்யாணம். மகள் அம்மா செய்ததையே செய்தாள்: ஊரை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். அம்மா கடல் கடந்து வந்தாள், மகள் தேரி கடந்து போனாள். போன கையோடு இடையன்குடியில் பெண்களுக்குத் தங்கிப் படிக்கும் பள்ளி தொடங்கினாள். ரேந்தையும் கூடவே போனது.

கால்டுவெல்லுக்குத் தெரிந்தது பெரும்பாலும் ஏட்டுத் தமிழ். எலைசாவுக்குத் தெரிந்தது வீட்டுத் தமிழ். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஓடிவரும் ஒரு தாய் பேசுகிற வேகத்தில் அவளால் பதில் சொல்ல முடியும். பின்னால் 1856-இல் லண்டனில் வெளிவந்து, தென்னிந்திய மொழிகளுக்கு ஒரு தனிக் குடும்பப் பெயரையே நிலைநிறுத்திய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைப் பற்றிப் பேசும்போது, சம்ஸ்கிருதம், தெலுங்கு, கன்னடம், எபிரேயம் என்று அவர் படித்ததை எல்லாம் அடுக்குவோம். பேச்சுத் தமிழ் பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் வீட்டுச் சமையலறையிலேயே ஒலித்துக்கொண்டிருந்ததை அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

4

இங்கே கதை கசக்கத் தொடங்குகிறது.

1849-இல், கல்யாணமாகி ஐந்து ஆண்டுகளில், கால்டுவெல் ஒரு சின்ன நூல் எழுதினார். திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றியது. இங்கிலாந்தில் மிஷனுக்கு ஆதரவு தருபவர்கள் படிக்க வேண்டும் என்று எழுதியது. தன்னைச் சுற்றி வாழ்ந்த, தன் ஆலயத்தில் முழங்காலிட்ட, தன் மனைவியிடம் பிள்ளைகளை அனுப்பிய அதே மக்களை அதில் அறிவு மழுங்கியவர்கள், நாகரிகத்தின் கீழ்ப்படியில் இருப்பவர்கள் என்ற தொனியில் எழுதினார். ஏழ்மையையும் இருட்டையும் எவ்வளவு கறுப்பாகக் காட்டுகிறோமோ அவ்வளவு நன்கொடை வரும். இன்றைக்கும் சில தொண்டு நிறுவனங்களின் போஸ்டரைப் பார்த்தால் இந்தக் கணக்கு புரியும், இல்லையா?

ஆனால் அவர் ஒன்றை யோசிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்ததே மிஷன்தான். ஒரு தலைமுறை கழிந்தது. படித்த நாடார்கள் அந்த நூலைப் படித்தார்கள். கொதித்தார்கள். எதிர்ப்பு நூல்கள் எழுதினார்கள், அரசுக்கு மனு போட்டார்கள். மிஷனரிகளோடு முரண்பட்டு 1857-இலேயே தனிச் சபை தொடங்கியிருந்த சட்டாம்பிள்ளை அந்த எதிர்ப்பின் முன்னணியில் நின்றார். நாங்கள் கிறிஸ்துவை ஏற்றோம், உங்கள் ஏளனத்தை ஏற்கவில்லை என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம்.

எனக்கு இது மார்த்தாவின் பள்ளியில் நடந்ததன் இன்னொரு வடிவமாகத் தெரிகிறது. ரேந்தை கற்ற பெண் தன் காசில் தன்னை மீட்டாள். எழுத்து கற்ற ஆண் தன் எழுத்தில் தன் மானத்தை மீட்டான். இரண்டுமே கொடுத்தவர்கள் எதிர்பார்த்த நன்றி இல்லை. ஆனால் கொடுத்தது வீண்போகவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கால்டுவெல் இடையன்குடியை விட்டு ஓடவில்லை என்பதையும் சொல்லணும். நேரான தெருக்கள் போட்டார், மரம் வைத்தார். 1847-இல் தொடங்கிய ஆலயத்தைக் கட்டி முடித்துப் பிரதிஷ்டை செய்ய 1880 ஆனது. 1877-இல் பிஷப் ஆனார். 1883-இல் வயதான தம்பதியர் இன்னொரு தடவை ஊர் மாற்றினார்கள், தூத்துக்குடிக்கு. 1891 ஆகஸ்டில் கொடைக்கானலில் அவர் இறந்தபோது உடலை இடையன்குடிக்குத்தான் கொண்டுவந்தார்கள். ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். தன்னை இழிவாக எழுதிய ஒருவரைத் தன் மண்ணில் வைத்துக்கொண்டது அந்த ஊர். அது மறதியா, மன்னிப்பா, இல்லை உரிமையா? மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எலைசா அவருக்குப் பின் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து 1899-இல் இறந்தாள்.

5

மெரினாவில் கால்டுவெல்லுக்குச் சிலை இருக்கிறது. 1968-இல், உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்தது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக்கியிருக்கிறது. அவர் மீது நமக்குக் கோபம் இருக்கலாம், நன்றியும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரு முகம் இருக்கிறது, ஒரு பெயர் இருக்கிறது. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும்.

மார்த்தாவுக்கும் எலைசாவுக்கும் மெரினாவில் இடம் கேட்கவில்லை நான். அவர்கள் கற்றுக்கொடுத்தது வேறு வழியில் பரவியது. அம்மாவிடமிருந்து மகளுக்கு, மாமியாரிடமிருந்து மருமகளுக்கு, பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து சின்னப் பெண்ணுக்கு என்று கைமாறி, பேர் தொலைந்து, வேலை மட்டும் மிஞ்சியது. முதல் தடவை ரேந்தை விற்றுத் தன்னை மீட்டுக்கொண்ட அந்தப் பெண்ணின் பேரும் அதே வழியில்தான் தொலைந்தது.

பாட்டி கடைசியாகப் பின்னியது ஒரு மேஜை விரிப்பு. முடிக்கவில்லை. கண் மங்கிவிட்டது. திண்டை நான் என் வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நூல் மஞ்சளாகிவிட்டது, ஊசிகள் துருப்பிடித்துவிட்டன. எனக்குப் பின்னத் தெரியாது. கட்டைகளை எடுத்துக் கையில் உருட்டிப் பார்ப்பேன்.

போன விடுமுறையில் அம்மாவிடம் அந்த இரண்டு பேர்களையும் சொன்னேன். மார்த்தா, எலைசா. அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாட்டி இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பா" என்றாள். பிறகு திண்டைத் தன் பக்கம் இழுத்து, குழம்பிக் கிடந்த நூலை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.